பீரோவில் தூங்கும் ரவிக்கைத் துணியும் ஒரு நூல்கண்டும்: தோழிகளோடு கைவேலை தொடங்குபவர்களுக்கு

தமிழ்நாட்டில் பல வீட்டுப் பீரோக்களில் ஒரு தட்டு முழுக்க ரவிக்கைத் துணி இருக்கும். கொலு பார்க்கப் போன இடத்தில் வைத்துக் கொடுத்தது, வளைகாப்பில் வந்தது, கிரகப்பிரவேசத்தில் வந்தது. நம்மிடம் இருக்கிற எந்தப் புடவைக்கும் அந்த நிறம் பொருந்தாது. அதனால் அடுத்த வருஷம் அதே துணி வெற்றிலை பாக்கோடு வேறொரு வீட்டுக்குப் போகும். தையலும், கொக்கி வைத்த ஊசியால் நூலில் பின்னும் குரோஷா பின்னலும் புதிதாகக் கற்றுக்கொண்டு, செய்ததை நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டும், அவர்களையும் உட்கார வைத்துச் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது அந்தத் தட்டைத்தான். துணிக்கென்று காசு செலவழிக்காமலே தொடங்கிவிடலாம்.

இங்கே இரண்டே பொருள்களைச் சொல்கிறேன். ஒன்று, உள்துணி வைத்துத் தைத்த சுருக்குப் பை. இன்னொன்று, நூலில் பின்னும் ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் டம்ளர் வைக்கும் கோஸ்டர், தொடர்ந்தால் பிறந்த குழந்தைக்குத் தொப்பி. இரண்டுக்குமே யாரிடமும் போய் அளவு எடுக்க வேண்டியதில்லை, வாங்கியவர் நிச்சயம் பயன்படுத்துவார். அப்புறம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பொருளை மட்டும் கொடுத்தால் கொடுத்தது பாதிதான். செய்த அளவையும் முறையையும் ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கொடுங்கள். அடுத்த மாதம் அவரும் ஒன்று செய்து வேறு ஒருவருக்குக் கொடுப்பார். கைவேலையைப் பகிர்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

எதில் தொடங்க வேண்டாம்

ஆர்வத்தில் பலர் முதலில் எடுப்பது தோழிக்கு ஒரு ரவிக்கை. வேண்டாம். அரை இன்ச் தவறினால் தோள் இறங்கும், அக்குளில் பிடிக்கும். அளவு ரவிக்கை கொடுத்துத் தைத்தாலே டெய்லரிடம் இரண்டாம் முறை போக வேண்டியிருக்கிறது. அன்பளிப்பாக வந்ததைப் பொருந்தவில்லை என்று அவரால் சொல்லவும் முடியாது, போட்டுக்கொள்ளவும் முடியாது. சுடிதார், ஃபிராக் எல்லாமே இதே கதைதான். உடம்போடு ஒட்டி நிற்கும் எதையும், கை நன்றாகப் பழகும் வரை, உங்களுக்கே தைத்துப் பாருங்கள்.

பின்னலில் இதற்கு இணையான பொறி போர்வை. மாதக் கணக்கில் இழுக்கும், நூலும் நிறையப் போகும். பாதியில் நூல் தீர்ந்து மறுபடி கடைக்குப் போனால் அதே நிறத்தின் வேறு சாய லாட், அதாவது வேறொரு தடவை சாயம் போட்ட நூல், வந்து சேரும். கண்டில் பார்க்க ஒன்று போலத் தெரிகிற நூல், பின்னி முடித்ததும் பட்டையாக வேறுபட்டு நிற்கும். நூல்கண்டின் லேபிளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் அச்சிட்டிருக்கும். எந்தப் பொருளானாலும் ஒரே லாட்டில், தேவைக்கு ஒரு கண்டு கூடுதலாகவே வாங்குங்கள்.

சுருக்குப் பை

பாட்டிகள் வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் போட்டு இடுப்பில் செருகிக்கொண்ட பைதான் இது. அதையே கொஞ்சம் பெரிதாக, உள்துணி வைத்துத் தைத்தால் தாம்பூலம் வைத்துக் கொடுக்கப் பொருத்தமாக இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையைத் துணியில் கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கொலுவுக்கு வருகிறவர்களுக்கும் அப்படியே கொடுக்கலாமே. ஆடித் தள்ளுபடியில் நாடாவும் நூலும் வாங்கி வைத்துத் தொடங்கினால், புரட்டாசியில் நவராத்திரி வரும்போது ஒரு கூடை நிறையப் பை தயாராக இருக்கும்.

ரவிக்கைத் துணி பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பன்னா, அதாவது துணியின் அகலம், 36 இன்ச் என்று வைத்துக்கொண்டால், சுருங்கியது போக, 8 இன்ச் அகலம் 10 இன்ச் உயரத்தில் 12 துண்டுகள் கிடைக்கும். ஒரு பைக்கு வெளித்துணி இரண்டு, உள்துணி இரண்டு. ஆக, ஒரு துணியை வெளியே வைத்து இன்னொன்றை உள்ளே வைத்தால், இரண்டு ரவிக்கைத் துணியில் ஆறு பை. உள்ளே தேங்காயும் வைத்துக் கொடுக்க வேண்டுமென்றால் 10 இன்ச்சுக்கு 12 இன்ச்சாக வெட்டுங்கள்.

வெட்டும் முன் துணியை நனைக்க வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். வெளித்துணி சுருங்கி உள்துணி சுருங்காமல் போனால், வாங்கியவர் ஒருமுறை துவைத்ததும் பையின் அடி கோணிக்கொள்ளும். சாயமும் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, ரவிக்கைத் துணியின் மூலையில் அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஏறினால், தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுங்கள். அப்போதும் சாயம் விட்டால் அதை வெளிர் நிறத் துணியோடு சேர்க்காதீர்கள். அடர் சிவப்பு, அடர் நீலம், மெரூன் மூன்றையும் கண்டிப்பாகச் சோதியுங்கள்.

இப்போது வரும் ரவிக்கைத் துணிகளில் பாலியெஸ்டர் கலந்தவை நிறைய. சந்தேகமிருந்தால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே தீயில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் என்றால் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டிலும் பை தைக்கலாம். பாலியெஸ்டருக்கு அயர்ன் சூட்டைக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேறு என்ன வேண்டும்? நல்ல கத்திரி, இன்ச் டேப், மார்க்கிங் சாக், குண்டூசி, ஒரு ஊக்கு, பாவாடை நாடா. ஒரு பைக்கு 20 இன்ச் நீளத்தில் இரண்டு நாடா தேவை, ஆறு பைக்கு ஆறரை மீட்டர் வாங்கினால் போதும். மெஷின் இருந்தால் 14ஆம் எண் ஊசி போடுங்கள். கேன்வாஸ், பழைய ஜீன்ஸ் மாதிரி கனமான துணிக்கு மட்டும் 16. மெஷின் இல்லாவிட்டால் கையாலேயே, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்து குத்தும் பின் தையல் போடலாம், நேரம் கூடுமே தவிர உறுதியில் குறை இருக்காது. சென்னையில் தியாகராய நகர், மதுரையில் விளக்குத்தூண், கோவையில் ஒப்பணக்கார வீதி என்று அந்தந்த ஊரின் ஜவுளிப் பகுதியைச் சுற்றிவந்தாலே இவை எல்லாம் கிடைத்துவிடும். அதை விடவும் நல்லது, உங்கள் தெரு டெய்லர் எந்தக் கடையில் நூல் வாங்குகிறார் என்று கேட்டுக்கொண்டு அங்கே போவது.

தைப்பதற்கு முன் அதே துணியின் வெட்டுத் துண்டை இரண்டாக மடித்து ஒரு கோடு தைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மேல் நூலை முழுக்க உருவி, முதலிலிருந்து மறுபடி கோர்த்துவிடுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் நூல் சரியாக இறங்காது. புதிதாகத் தைப்பவர்கள் இது தெரியாமல் டென்ஷன் திருகையே திருகிக்கொண்டிருப்பார்கள்.

சரி, தைக்கலாம். தையல் விளிம்பு, அதாவது துணி ஓரத்துக்கும் தையல் கோட்டுக்கும் நடுவில் விடும் இடம், எல்லா இடத்திலும் அரை இன்ச்.

முதலில் வெளித்துணி ஒன்று, உள்துணி ஒன்று எடுத்து, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேல் ஓரத்தை மட்டும் தையுங்கள். இன்னொரு ஜோடியையும் அப்படியே. துணியில் பூ, மயில் ஏதாவது இருந்தால் இரண்டு வெளித்துண்டிலும் அவை நிமிர்ந்து நிற்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் விரித்தால் பாதி வெளித்துணி, பாதி உள்துணியாக இரண்டு நீளத் துண்டுகள் இருக்கும். வெளித்துணிமேல் வெளித்துணி, உள்துணிமேல் உள்துணி வரும்படி, நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். நடுவில் இருக்கும் இரண்டு இணைப்புகளும் ஒரே கோட்டில் சேர வேண்டும். அங்கே குண்டூசி குத்திவிடுங்கள்.

அடுத்தது நாடா நுழையும் வாய். வெளித்துணிப் பகுதியில், இணைப்பிலிருந்து 1 இன்ச் தள்ளி ஒரு கோடும் ஒன்றேமுக்கால் இன்ச் தள்ளி ஒரு கோடும் இரண்டு பக்க ஓரத்திலும் போடுங்கள். இந்தக் கோடுகளுக்கு இடையே தைக்கவே கூடாது. உள்துணியின் அடியிலும் நடுவில் 3 இன்ச் விட்டுவிட வேண்டும், அந்த வழியாகத்தான் பையைத் திருப்பப் போகிறோம். இந்த இடைவெளிகளை விட்டுவிட்டுச் சுற்றிலும் தையுங்கள். ஒவ்வொரு இடைவெளியின் தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னுமாக இரண்டு தையல் போட்டால், நாடாவை இழுக்க இழுக்கப் பிரியாது.

நான்கு மூலைகளிலும் தையலை வெட்டிவிடாமல் முனைத் துணியைக் குறுக்கே நறுக்குங்கள். அடி இடைவெளி வழியாகப் பையைத் திருப்பி, அந்த வாயை மூடித் தைத்து, உள்துணியை உள்ளே தள்ளி, மேல் ஓரத்தை அயர்ன் செய்யுங்கள். இந்த அயர்ன் முக்கியம். பை கடையில் வாங்கியது போல இருப்பதும் இல்லாததும் இங்கேதான் முடிவாகிறது. அப்புறம் வாயைச் சுற்றி, மேலிருந்து 1 இன்ச்சில் ஒரு சுற்று, ஒன்றேமுக்கால் இன்ச்சில் ஒரு சுற்று தையுங்கள். பாதத்துக்கு அடியில் பையின் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா என்று தைக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாய் மூடிக்கொள்ளும்.

கடைசியாக நாடா. ஊக்கில் மாட்டி, இடது ஓட்டையில் நுழைத்து, முழுச் சுற்றும் வந்து அதே இடது ஓட்டையில் வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். இன்னொரு நாடா வலது ஓட்டையில் தொடங்கி வலது ஓட்டையிலேயே முடியும். இரண்டு பக்கமும் இழுத்தால் பை சுருங்கும். 7 இன்ச் அகலம், 9 இன்ச் உயரத்தில் பை தயார்.

கோஸ்டரும் தொப்பியும் ஒரே வட்டம்

குரோஷாவில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இந்த வட்டம், கற்றுக்கொண்டால் கதவு திறப்பதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நூல். ‘உல்லன்’ என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். ஊட்டி, கொடைக்கானலில் இருக்கும் குழந்தைக்கோ குளிர்நாட்டில் இருக்கும் தோழியின் குழந்தைக்கோ அது சரி, சென்னையில் மே மாதம் பிறக்கும் குழந்தைக்கு வேண்டாம். நூலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். உறுத்தினால் குழந்தைக்கும் உறுத்தும். ஊசியின் அளவு நூல்கண்டின் லேபிளிலேயே மில்லிமீட்டரில் இருக்கும். தொடங்குபவர்களுக்கு நடுத்தரத் தடிமன் நூலும் மூன்றரை அல்லது 4 மில்லிமீட்டர் ஊசியும் வசதி. மெல்லிய லேஸ் நூலையும் சன்னமான ஊசியையும் முதலில் எடுத்தால் கண்ணும் பொறுமையும் போகும். அடர் நிறமும் வேண்டாம், கண்ணி (பின்னலின் ஒவ்வொரு முடிப்பு) கண்ணுக்குத் தெரியாது.

நூலில் ஒரு வளையம் போட்டு, அதற்குள் 6 சிங்கிள் குரோஷே (ஊசியை உள்ளே விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு வளையங்கள் வழியாகவும் மறுபடி நூலை இழுக்கும் அடிப்படைக் கண்ணி) பின்னி இழுத்து மூடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பின்ன வேண்டும், மொத்தம் 12. மூன்றாம் சுற்றில் ஒரு கண்ணியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, 18. நான்காம் சுற்றில் இரண்டு கண்ணிக்கு ஒவ்வொன்று, மூன்றாவதில் இரண்டு, 24. ஒரு சுற்றுக்கு ஆறு கூட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டு ஒன்றையோ ஊக்கையோ மாட்டி வையுங்கள். அது இல்லாமல் சுற்று எங்கே முடிந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வட்டத்தைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஓரம் ஃபிரில் மாதிரி அலை அடித்தால், கூட்டியது அதிகம். கிண்ணமாகக் குழிந்தால், கூட்டியது குறைவு, அல்லது கை இறுக்கம். அறுகோணமாகத் தெரிந்தால் கணக்கு சரிதான், எல்லாச் சுற்றிலும் ஒரே இடத்தில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அடுத்த சுற்றில் இரண்டு மூன்று கண்ணி தள்ளிக் கூட்டினால் வட்டம் உருண்டுவிடும்.

குறுக்களவு 4 இன்ச் வந்ததும் நிறுத்தினால் கோஸ்டர். சொன்ன நூலுக்கும் ஊசிக்கும் ஏறக்குறைய பத்துச் சுற்றில் வந்துவிடும், கைக்குக் கை கொஞ்சம் மாறும். நான்கு கோஸ்டர் அடுக்கி ஒரு நாடாவில் கட்டிக் கொடுத்தால் புதுமனை புகும் நண்பருக்கு அருமையான அன்பளிப்பு.

நிறுத்தாமல், ஆனால் இனிமேல் ஒரு கண்ணியும் கூட்டாமல், சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போனால் ஓரம் தானாகக் கீழே இறங்கும். உச்சியிலிருந்து விளிம்பு வரை ஐந்தரை இன்ச் ஆனதும் நிறுத்துங்கள். பிறந்த குழந்தைக்குத் தொப்பி ஆகிவிட்டது. காரணம் எளிது: பிறந்த குழந்தையின் தலைச்சுற்றளவு சுமார் 34, 35 சென்டிமீட்டர். தொப்பி அதை விடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் நெகிழ்ந்து பிடித்து நிற்கும். 4 இன்ச் வட்டத்தின் சுற்றளவு பன்னிரண்டரை இன்ச், அதாவது சுமார் 32 சென்டிமீட்டர். குழந்தை பிறந்து இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வட்டத்தை 5 இன்ச் வரை கூட்டி, உயரத்தை ஆறரை இன்ச் ஆக்குங்கள். வளைகாப்புக்குக் கொண்டுபோகிறவர்களுக்கும் நான் இந்தப் பெரிய அளவையே சொல்வேன். பிறந்த குழந்தை வளரும் வேகத்துக்குச் சின்னத் தொப்பி கொஞ்ச நாள்தான் தாங்கும்.

குழந்தைப் பொருளுக்கு நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்கள் உண்டு. பொத்தான், மணி, முத்து, கண்ணாடி எதுவும் வேண்டாம், எவ்வளவு இறுக்கித் தைத்தாலும் பிய்ந்து வாய்க்குள் போகும். கழுத்தில் கட்டும் நாடா வேண்டாம். காலுறை பின்னினால் உள்பக்கம் ஒரு நூல் வளையம்கூடத் தொங்கக் கூடாது. குழந்தையின் கால்விரலில் நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும், குழந்தையால் அழத்தான் முடியும். கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் தாயிடம் வாய்விட்டே சொல்லுங்கள், குழந்தையின் உடம்புச் சூட்டில் கணிசமான பங்கு தலை வழியாக வெளியேறும்.

நூல் நுனிகளை முடிச்சுப் போட்டு வெட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. முடிச்சு துவைக்கத் துவைக்க அவிழும். 6 இன்ச் நுனி விட்டு, மொட்டை ஊசியில் கோர்த்து, கண்ணிகளுக்குள்ளேயே ஒரு பக்கம், எதிர்ப்பக்கம், மறுபடி முதல் பக்கம் என்று மூன்று முறை ஓட்டிவிட்டு வெட்டுங்கள்.

சேர்ந்து உட்காரும் மதியம்

நான்கு பேர் போதும். முதல் முறையே பத்துப் பேரைக் கூப்பிட்டால் யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது, பேச்சோடு முடிந்துவிடும். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னல் வெளிச்சம் இருக்கும் வீட்டில் உட்காருங்கள். மெஷின் ஒன்றுதான் இருக்கும், அதனால் எல்லாரும் ஒரே நேரத்தில் தைக்கத் திட்டமிடாதீர்கள். ஒருவர் தைக்கும்போது ஒருவர் வெட்டட்டும், ஒருவர் அயர்ன் செய்யட்டும், ஒருவர் வட்டம் பின்னட்டும். துணியை முன்னாலேயே நனைத்துக் காயவைத்து எடுத்து வரச் சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் குண்டூசிகளை எண்ணி எடுத்து, எழும்போது எண்ணி வையுங்கள்.

ஆண்களையும் கூப்பிடுங்கள். நம் ஊர்த் தையல் கடைகளில் மெஷினை மிதிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தானே. வீட்டில் மட்டும் ஏன் இது பெண்கள் வேலை என்று ஒதுங்க வேண்டும்?

சொல்லிக்கொடுப்பதில் ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் போதும்: அவர் கையிலிருந்து வாங்கிச் சரிசெய்து கொடுப்பது. உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். ஆனால் அந்தக் கை அந்த அசைவைக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். உங்களிடம் ஒரு தனி ஊசியும் நூலும் இருக்கட்டும். நீங்கள் உங்கள் நூலில் மெதுவாகச் செய்து காட்டுங்கள், அவர் அவருடையதில் செய்யட்டும். எதிரே உட்காராமல் பக்கத்தில், ஒரே திசை பார்த்து உட்காருங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால் மட்டும் எதிரே, அவருக்கு உங்கள் கை கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும், அப்படியே பின்பற்றலாம்.

“அக்கா, எனக்கு இதெல்லாம் வராதுக்கா” என்று ஒருத்தி ஊசியைக் கீழே வைப்பாள். அவளிடம் தைரியம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். “சும்மா பின்னு, பிரிச்சுக்கலாம், நூல் எங்கயும் போயிடாது” என்று சொல்லி, அவள் பின்னியதை அவள் கையாலேயே ஒருமுறை பிரிக்க வையுங்கள். குரோஷாவில் கையில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. அதை விட்டு இழுத்தால் முழுக்கப் பிரிந்து மறுபடி நூலாகிவிடும். அதைப் பார்த்த பிறகு பயம் பாதி போய்விடுகிறது.

செய்ததைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது, “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். “மூலை சரியா வந்திருக்கா? வாய் கோணுதா?” என்று குறிப்பாகக் கேளுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் காலை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். உள்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தையல் தெரிந்தவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

கூடவே வைக்கும் தாள்

அரைப் பக்கத் தாள் போதும். பைக்கு: வெட்டிய அளவு, தையல் விளிம்பு அந்த அளவுக்குள் அடங்கியதா இல்லையா, நாடா நீளம், வாய்க்கு விட்ட இடைவெளி. தையல் விளிம்பைக் குறிப்பிட மறந்தால் மற்ற எல்லா அளவும் வீண். பின்னலுக்கு: நூலின் வகை, ஊசி எண், சுற்று வாரியாகக் கண்ணி எண்ணிக்கை. இங்கே ஒரு எச்சரிக்கை. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்கிறார்கள். எந்த முறை என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், இந்தக் கட்டுரையில் இருப்பது அமெரிக்க முறை.

தாளின் பின்பக்கம் துவைக்கும் முறையை எழுதுங்கள்: தனியாகவா சேர்த்தா, கையாலா மெஷினிலா, நிழலில் காயவைக்க வேண்டுமா. பின்னியதோடு அதே நூலில் ஒரு முழ நீளத்தைச் சுற்றி வைத்தால், எங்காவது பிரிந்தால் அவரே சரிசெய்துகொள்வார்.

நீங்களாகக் கண்டுபிடித்த அளவு என்றால் தாராளமாகக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய பேட்டர்ன் என்றால் அதை நகலெடுத்து அனுப்பாதீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அதை வரைந்தவருக்கு அதுதான் சம்பளம். ஒரு சமூகத்தின் கைவேலையைப் பார்த்துச் செய்தால் அவர்கள் பெயரைச் சொல்லியே கொடுங்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பார்த்து நம் பையில் ஒரு வரி போடலாம், ரசித்துக் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பெயரில் விற்கக் கூடாது.

காசு பேசுவது

நாலு பேருக்குக் கொடுத்ததும் ஐந்தாவது ஆள், “எங்க வீட்டுக் கொலுவுக்கு அம்பது பை தச்சுத் தர்றியா?” என்று கேட்பார். இது வரும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். நட்பில் காசு பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு ஐம்பது பையைச் சும்மா தைத்தால், அதற்கப்புறம் மெஷின் பக்கமே போகத் தோன்றாது. இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன. துணியும் நாடாவும் அவருடையது, அவரும் இரண்டு மதியம் வந்து வெட்டி அயர்ன் செய்து தர வேண்டும், தையல் உங்களுடையது. இல்லையென்றால் வேலைக்கு வேலை: நீங்கள் பை தையுங்கள், அவர் உங்கள் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்து ஹெம்மிங் செய்து தரட்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால், உங்கள் தெரு டெய்லர் ஒரு பைக்கு என்ன கேட்கிறார் என்று விசாரித்து அதே கூலியைச் சொல்லுங்கள். அதை விடக் குறைத்துச் சொல்லி அவர் பிழைப்பில் கை வைக்காதீர்கள்.

வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். மூன்று இன்ச்சுக்கு மேல் இருப்பவற்றை ஒரு பையில் சேருங்கள், பல நிறத் துண்டுகளை ஒட்டித் தைத்து அடுத்த பைக்கு வெளித்துணி ஆக்கலாம். அதற்கும் சின்னதாக இருந்தால் குண்டூசிக் குஷனுக்குள் அடைக்கலாம்.

கொடுத்த பை கிழிந்து திரும்பி வந்தால் முதலில் எந்த இடம் கிழிந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் நாடா வாயின் ஓரமாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் உள்பக்கம் ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுங்கள். அடுத்து தைக்கும் பைகளில் அந்தத் துண்டைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டு, தாளிலும் அதை ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.